மண்டி தெளியும் வரை: ஷாம்பெயின் நாட்டில் நான்கு நாள்கள்

முதல் நாள்: ரான்ஸ்

பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து ரான்ஸ் நகருக்கு அதிவேக ரயிலில் நாற்பத்தைந்து நிமிடம்தான். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தை ஒதுக்க அண்ணாவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பாரிசில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தவர், இப்போது அங்கேயே சமையற்காரர். நிலவறையிலிருந்து ஷாம்பெயின் பெட்டிகளை மேலே தூக்கி வருவது முதல் வாரத்திலிருந்தே அவர் தலையில் விழுந்த வேலை. ஆறு போத்தல் பெட்டி எவ்வளவு கனம் என்பது அவருடைய முதுகுக்குத் தெரியும். அது எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று அவர் கண்ணால் பார்த்ததில்லை. "ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்" என்று தொலைபேசியில் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து விசா கிடைத்து வந்து சேர்ந்ததும், மார்ச் மாதக் கடைசியில் நான்கு நாள் விடுப்பு எடுத்துவிட்டார்.

ஷாம்பெயின் என்றால் நமக்குப் பானம். இங்கே அது ஊர்ப்புறத்தின் பெயர். ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம். இந்த எல்லைக்குள் விளைந்த திராட்சையில், இங்கேயே போத்தலுக்குள் நுரைக்க வைத்த வைனுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது என்று சட்டம் சொல்கிறது.

எந்த இல்லத்துக்குப் போவது என்பதை அண்ணா முன்பே முடிவு செய்திருந்தார். இங்கே ஷாம்பெயின் தயாரிக்கும் நிறுவனங்களை 'இல்லம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பெயர்பெற்ற இல்லங்களில் பலவற்றுக்கு இன்று அந்தப் பெயருடையவர்கள் சொந்தக்காரர்கள் அல்லர். மோயே, வெவ் கிளிக்கோ, க்ரூக், ருயினார் ஆகிய நான்கும் ஒரே ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கையில் இருக்கின்றன. குடும்பங்களிடமே எஞ்சியவை என்று பொல் ரொஜே, ரொதெரேர், பொலாஞ்சே, தெத்தாஞ்சே போன்ற சிலவற்றைச் சொல்லலாம். "பெட்டியில் எழுதியிருக்கும் பெயருக்குரிய ஆட்கள் இன்னும் அங்கே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போவோம்" என்றார் அண்ணா. தெத்தாஞ்சே என்று முடிவாயிற்று. நாளைக் காலைக்கு முன்பதிவு செய்திருக்கிறோம்.

இன்று மாலை பேராலயத்துக்கு மட்டும் போய் வந்தோம். பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய ஆலயம். 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் பீரங்கிக் குண்டுகள் விழுந்து கூரை எரிந்து, கூரையின் ஈயம் உருகி ஒழுகியது. போர் முடிந்தபோது நகரத்தில் முழுதாக நின்ற வீடுகள் மிகச் சிலவே. வாசலில் சிரிக்கும் வானதூதரின் தலையும் அந்தத் தீயில் துண்டாகி விழுந்ததுதான். பொறுக்கி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அண்ணா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

உள்ளே தெற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாளரம். 1954-இல் ஜாக் சிமோன் என்ற கலைஞர் செய்தது. செலவை ஷாம்பெயின் தொழிலில் இருப்பவர்கள் ஏற்றார்கள். கொடி வளர்ப்பவர், பழம் பறிப்பவர், பிழிபவர், நிலவறையில் நிற்பவர் என்று உழைப்பவர்கள் நீல ஒளியில் நிற்கிறார்கள். புனிதர்கள் நிற்கும் உயரத்தில் நிலவறைத் தொழிலாளிக்கும் இடம் கொடுத்த கோயிலை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

இரண்டாம் நாள்: சேன் நிக்கேஸ் சதுக்கத்தின் அடியில்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

சேன் நிக்கேஸ் சதுக்கம் 9 என்ற முகவரி. வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான கட்டடம்தான். பல மாதச் சீரமைப்புக்குப் பிறகு 2024-இல் பார்வையாளர்களுக்கு மீண்டும் திறந்திருக்கிறார்கள். எங்களோடு எட்டுப் பேர். வழிகாட்டிப் பெண் எல்லோரையும் மேலங்கி அணிந்துகொள்ளச் சொன்னார். ஆண்டு முழுவதும் கீழே பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிர்தான்.

படி இறங்க இறங்கச் சுவரின் நிறம் மாறுகிறது. முதலில் செங்கல், பிறகு கட்டிய கல், பிறகு வெட்டிய வெள்ளைச் சுண்ணக்கல். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேலே குறுகி அடியில் விரியும் கூம்பு மண்டபம். உச்சியில் ஒரு சிறு வாய். ரோமர் காலத்தில் நகரம் கட்டக் கல் எடுத்த குழிகள் இவை. நிலத்தில் சிறு துளை போட்டு, விளைநிலம் வீணாகாமல், கீழே போகப் போக அகலமாக வெட்டியிருக்கிறார்கள். உளி பட்ட தடம் இன்னும் சுவரில் வரிவரியாக இருக்கிறது. கையை வைத்தேன். ஈரம் ஒட்டியது. எங்கள் ஊரும் சுண்ணக்கல்லின் மேல்தான் இருக்கிறது. கிணறு வெட்டினால் வரும் அந்த மணம் எனக்குத் தெரியும். அண்ணாவும் சுவரை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

குழிகள் ஆயிரம் ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன என்று சொல்லலாம். இடைக்காலத்தில் மேலே சேன் நிக்கேஸ் மடம் எழுந்தது. பெனெடிக்ட் துறவிகள் குழிகளைச் சுரங்கவழிகளால் இணைத்து வைனைக் கீழே இறக்கினார்கள். மடத்தின் ஆலயம் மிக அழகானதாம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதை இடித்துக் கல்லை விற்றுவிட்டார்கள். நிலத்துக்குக் கீழே இருந்ததற்கு மட்டும் யாரும் விலை பேசவில்லை. அதனால் ஒரு படிக்கட்டும் சில வளைவுகளும் வாயில்களும் தப்பின. முதல் உலகப் போரில் குண்டு மழைக்கு அஞ்சி இந்த நகரத்து மக்கள் ஷாம்பெயின் நிலவறைகளுக்குள் குடியேறினார்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலைகூட நிலத்தடியில் நடந்தது. பதுங்குகுழிக்குள் பாடம் படித்தவள் நான். வழிகாட்டி இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு அந்த இடத்தை விட்டு நகர நேரம் பிடித்தது.

இனி வைன். ஷாம்பெயின் எப்படி உருவாகிறது என்று அண்ணாவுக்குப் பாதி தெரியும். மீதியை அவர் கேட்ட கேள்விகளால் நானும் தெரிந்துகொண்டேன். எங்கள் அப்பா சுன்னாகத்தில் செக்கு வைத்திருந்தவர். அதனால் பிழிவதைப் பற்றிப் பேச்சு வந்ததும் அண்ணாவின் முகம் மாறிவிட்டது.

திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும்; இயந்திரத்துக்கு இங்கே அனுமதி இல்லை. குலை குலையாக அப்படியே பிழிபொறிக்குப் போகிறது. கரும்பழம் என்றாலும் சாறு வெள்ளை. தோலின் நிறம் இறங்காதபடி மெல்ல அழுத்த வேண்டும். ஒரு பிழிவுக்கு 4,000 கிலோ. முதலில் வரும் 2,050 லிட்டர் சாறு தனி. அடுத்த 500 லிட்டர் தனி. அதற்கு மேல் பிழிந்தது ஷாம்பெயினுக்கு ஆகாது. இல்லத்தின் உயர்ந்த வைனுக்கு முதல் சாறு மட்டுமே. இதைக் கேட்டதும் அண்ணா என் காதருகே குனிந்து, "அப்பா முதல் எண்ணெயைத் தனித் தகரத்தில் விடுவார், ஞாபகம் இருக்கிறதா? கடைசி எண்ணெயை அதோடு கலக்கவே விடமாட்டார்" என்றார். எனக்கு ஞாபகம் இருந்தது.

சாறு தொட்டியில் ஒரு முறை நொதித்து, நுரையற்ற சாதாரண வைன் ஆகிறது. பனிக்காலத்தில் பல ஊர்களின் வைன்களை ருசி பார்த்துக் கலக்கிறார்கள். பிறகு சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் போத்தலில் அடைத்துக் கீழே அனுப்புகிறார்கள். அங்கே, மூடிய போத்தலுக்குள், இரண்டாவது நொதிப்பு. வெளியேற வழியில்லாத வாயு வைனுக்குள்ளேயே கரைகிறது. ஆறு வளிமண்டல அழுத்தம். கார் டயருக்குள் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். முற்காலத்துக் கண்ணாடி இதைத் தாங்காமல் வெடித்தது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் தொடர்ந்து வெடிக்கும். நிலவறைக்குள் போகிறவர்கள் இரும்பு முகமூடி அணிந்துகொண்டு போனார்கள். அண்ணா தூக்கும் பெட்டியின் கனத்துக்கு இதுதான் காரணம், தடித்த கண்ணாடி.

வேலை முடிந்த ஈஸ்ட் செத்துப் போத்தலின் வயிற்றில் மண்டியாகப் படிகிறது. எண்ணெய்க்காரர் மண்டியைக் குறை என்று நினைப்பார். இங்கே அதுதான் சொத்து. அந்த மண்டியின் மேல் வைன் எவ்வளவு காலம் படுத்திருக்கிறதோ அவ்வளவு ரொட்டி மணமும் வறுத்த கொட்டை மணமும் ஏறும். சாதாரணப் போத்தலும் விற்பனைக்குப் போகுமுன் நிலவறையில் பதினைந்து மாதங்களாவது, அதில் மண்டியின் மேல் பன்னிரண்டு மாதங்களாவது, இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த இல்லத்தின் சாதாரணப் போத்தல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் படுத்திருக்கிறது. உயர்ந்த வைனாகிய 'கோம்த் து ஷாம்பாஞ்', அதாவது ஷாம்பெயின் பிரபுக்கள், ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இதே குழிகளில் கிடக்கிறது. சுவரோரம் அடுக்கடுக்காக இருந்த போத்தல்களை அப்போதுதான் வேறு கண்ணால் பார்த்தேன். ஒரு பிள்ளை பிறந்த ஆண்டில் இங்கே இறங்கிய போத்தல், அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

வெளியே எடுப்பதற்கு முன் மண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவர வேண்டும். கூடாரம் போல் சாய்த்து நிறுத்திய இரண்டு பலகைகள். துளைகளில் போத்தல்கள் தலைகீழாக. ஒவ்வொன்றையும் நாள்தோறும் சிறிது திருப்பி, சிறிது நிமிர்த்தி, பல வாரங்களில் மண்டி முழுவதும் வாயில் வந்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கியவர்கள் கிளிக்கோ அம்மையாரின் நிலவறையில் இருந்தவர்கள். இருபத்தேழு வயதில் கணவனை இழந்து, வணிகத்தை மூடாமல், தானே ஏற்று நடத்திய பெண் அவர். இன்று பெரும்பாலும் இயந்திரக் கூண்டுகள்தான் திருப்புகின்றன. கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால் மண்டி பனிக்கட்டியாகத் தெறித்து விழும். குறைந்த இடத்தை வைனும் சிறிது சர்க்கரையும் கொண்டு நிரப்பித் தக்கை அடைத்துக் கம்பி கட்டுகிறார்கள்.

அங்கே நின்றபோது எனக்குத் 'தேறல்' என்ற நம்முடைய பழஞ்சொல் வந்தது. தேறுதல் என்றால் தெளிதல். மண்டி அடங்கித் தெளிந்த கள்ளுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அது. யவனர் கப்பலில் வந்த மதுவையும் அப்படித்தான் அழைத்தார்கள். அவர்களுடைய வைன் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டு மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. இந்தக் குழியை வெட்டிய ரோம உலகமும் அந்தச் சாடிகளை அனுப்பிய ரோம உலகமும் ஒன்றுதான். அண்ணாவிடம் சொன்னேன். "அப்படியென்றால் பெட்டி தூக்குவது எங்களுக்குப் பழைய தொழில்" என்றார். அதைப் பெருமையாகவே சொன்னார்.

குடும்பக் கதைக்கு வருகிறேன். இல்லத்தின் தொடக்கம் 1734 என்று கணக்கிடுகிறார்கள். அந்த ஆண்டு ஜாக் ஃபூர்னோ என்பவர் வைன் வணிகம் தொடங்கினார். தெத்தாஞ்சே குடும்பம் லொரேன் பகுதியைச் சேர்ந்தது. 1870-இல் நடந்த போரில் அந்தப் பகுதி ஜெர்மனிக்குப் போனதும், பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்க விரும்பிப் பாரிசுக்கு இடம்பெயர்ந்தவர்கள். அவர்களில் பியெர் தெத்தாஞ்சே 1930-களின் தொடக்கத்தில் இந்தப் பழைய இல்லத்தை வாங்கித் தன் பெயரைச் சூட்டினார். அண்ணா வழிகாட்டியிடம் பிரெஞ்சில் கேட்டார்: "1932-இல் வாங்கியவர்களுக்கு 1734 எப்படிச் சொந்தமாகும்?" அந்தப் பெண் சற்று யோசித்து, வைன் இல்லத்தை வாங்குகிறவர் அதன் நிலவறையில் படுத்திருக்கும் ஆண்டுகளையும் சேர்த்தே வாங்குகிறார் என்றார். நல்ல பதில். அண்ணாவுக்குப் பாதி ஒப்புதல்தான் என்பது அவர் தலையசைத்த விதத்தில் தெரிந்தது.

பியெருக்குப் பின் மகன் ஃபிரான்சுவா. அவர் 1960-இல் விபத்தில் இறக்க, தம்பி குளோது நாற்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். வணிகம் பெருத்தது. பாரிசின் கிரியோன் ஹோட்டல், பக்காரா கண்ணாடி எல்லாம் குடும்பக் குழுமத்துக்குள் வந்தன. குடும்பமும் பெருத்தது. பெரியப்பா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று பங்குகள் சிதறின. வைனை ஒரு நாளும் தொடாத பங்காளிகளும் இருந்தார்கள். 2005-இல் மொத்தமும் ஸ்டார்வுட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்குப் போயிற்று. ஹோட்டல்களுக்காக வாங்கியவர்களுக்கு ஷாம்பெயின் இல்லம் கூட வந்த பொருள். அதை மறுபடி விற்பனைக்கு வைத்தார்கள்.

பங்காளிகள் சேர்ந்து விற்றுவிட்ட சொத்தைத் திரும்ப வாங்கிய குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமா? குளோதின் அண்ணன் மகன் பியெர் எம்மானுவேல் அதைச் செய்தார். கையில் அவ்வளவு பணம் இல்லை. வட்டாரத்துக் கூட்டுறவு வங்கியான கிரெதி அக்ரிகோல் பின்னால் நின்றது. இங்குள்ள தோட்டங்களில் ஏறத்தாழ ஒன்பது பங்கு விவசாயிகளுடையது. இல்லங்களிடம் ஒரு பங்குதான். விவசாயி பழம் கொடுக்காவிட்டால் எவ்வளவு பெரிய பெயராலும் வைன் செய்ய முடியாது. அதனால் உள்ளூர் விவசாயிகளோடு பழகிய கை என்பது பணத்துக்கு நிகரான பலம். 2006-இல் இல்லம் திரும்பி வந்தது. 2020 முதல் அவருடைய மகள் வித்தாலி தலைமை ஏற்றிருக்கிறார், சித்திரக்கலை படித்தவர். சகோதரர் குளோவிசும் உடன் இருக்கிறார்.

எனக்கு இதில் உறைத்தது ஒன்றுதான். விற்ற 2005-இலும் மீட்ட 2006-இலும் இந்தக் குழிகளில் போத்தல்கள் அப்படியே படுத்திருந்தன. மேலே கையொப்பங்கள் மாறிக்கொண்டிருந்தபோது கீழே மண்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கோம்த் வைனைப் போத்தலில் அடைக்கிறவர், அது பக்குவப்படும்போது தானே பொறுப்பில் இருப்போம் என்று நம்ப வேண்டும்; இல்லையென்றால் தன் பிள்ளை இருக்கும் என்றாவது நம்ப வேண்டும். பத்து ஆண்டுகள் வருமானமில்லாமல் பொருளைப் புதைத்து வைக்கும் துணிவு, காலாண்டுக் கணக்குக் காட்டுகிறவர்களைவிடக் குடும்பத்துக்கே எளிது என்று நான் நினைக்கிறேன். குடும்பம் உடைந்தால் எல்லாம் போய்விடும் என்பதும் இதே கதையில்தான் இருக்கிறது.

மேலே வந்து ருசி பார்க்கும் அறையில் அமர்ந்தோம். அண்ணா இன்றுவரை என் முன்னால் குடித்ததில்லை. கண்ணாடிக் கோப்பையைப் பிடித்தபடி, "நீ தப்பாக நினைக்காதே, தங்கச்சி" என்றார். "நானும்தான் ருசி பார்க்கப் போகிறேன், அண்ணா" என்றேன். முதலில் இல்லத்தின் சாதாரணப் போத்தலான புருட் ரிசர்வ். ஷார்தொனே, பினோ நுவார், மெனியே ஆகிய மூன்று திராட்சைகளும் சேர்ந்த கலவை. பல பெரிய இல்லங்களைவிட இதில் வெள்ளைத் திராட்சையான ஷார்தொனேயின் பங்கு கூடுதல் என்பது இவர்களுடைய அடையாளம். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், கடைசியில் வெண்ணெய் தடவிய ரொட்டி. பிறகு கோம்த். முழுவதும் ஷார்தொனே, முதன்முதலாக 1952-இன் விளைச்சலில் செய்தார்கள், நல்ல ஆண்டுகளில் மட்டும் செய்கிறார்கள். குமிழிகள் மணல் துகள் போல் நுணுக்கம். வறுத்த பாதாம், எலுமிச்சை ஊறுகாயின் தோல், அதற்குப் பிறகு நாக்கில் அந்தக் குழியின் சுவர். ஒரு வாய்தான் குடித்தேன். போதும். அது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணா கோப்பையை முடிக்கவில்லை. பாதியை வைத்துக்கொண்டு சற்று நேரம் கழித்து மறுபடி முகர்ந்தார். "குளிர் குறைந்தால் நல்லெண்ணெய் மாதிரி மணம் திறக்கிறது. எங்கள் உணவகத்தில் ஐஸில் புதைத்துக் கொடுத்துவிடுகிறோம்" என்று வருத்தப்பட்டார்.

மூன்றாம் நாள்: எப்பெர்னே, பியெரி

ரயிலில் அரை மணி நேரம். ரான்ஸ் மலைக்காடுகளின் ஊடாக மார்ன் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறது. எப்பெர்னேயின் ஷாம்பெயின் அவென்யூ உலகப் புகழ்பெற்றது; 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடங்களில் ஒன்று. இரும்புக் கதவுகளும் மாளிகைகளும் வரிசையாக இருக்கின்றன. அழகுதான். எனக்கு மனம் ஒட்டவில்லை. நேற்றுக் கீழே பார்த்தவளுக்கு இது பெட்டியின் மேல் ஒட்டிய தாள் போலத் தோன்றியது.

பியெரி போக வேண்டிய பஸ் வரவில்லை. மூன்று கிலோமீட்டர்தானே என்று நடந்தோம். தெத்தாஞ்சே குடும்பத்தின் கதை உண்மையில் தொடங்கிய இடம் அங்கே இருக்கும் லா மார்க்கெத்ரி மாளிகை. பொதுமக்கள் உள்ளே போகும் இடமல்ல, சாலையிலிருந்தே பார்க்கலாம். சரிவின் மேல் வெளிர்நிற மாளிகை, சுற்றிலும் கொடிகள். கருந்திராட்சைக் கொடியும் வெள்ளைத் திராட்சைக் கொடியும் கட்டம் கட்டமாக மாறி மாறி நட்டிருந்ததால், மரத்தில் பதிக்கும் சித்திரவேலையின் பெயரையே மாளிகைக்கும் வைத்தார்களாம். இந்த ஊரில் இருந்த ஊதார் என்ற துறவி, ஷாம்பெயினோடு சேர்த்தே பேசப்படும் துறவியான தோம் பெரிஞோன் காலத்திலேயே நுரைக்கும் வைனைப் பக்குவப்படுத்தியவர்களில் ஒருவர். பெரிஞோனின் புகழில் அவர் மறைந்துபோனார்.

முதல் உலகப் போரில் இந்த மாளிகை பிரெஞ்சுப் படையின் தலைமையகமாக இருந்தது. இளம் குதிரைப்படை அதிகாரியாக இங்கே தங்கிய பியெர் தெத்தாஞ்சே, போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தச் சரிவை மறக்கவில்லை. 1932-இல் வாங்கிவிட்டார். இந்தப் பகுதி கேட்க இனிமையாக இருக்கிறது. இன்னொரு பகுதியையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அதே பியெர் 1924-இல் தீவிர வலதுசாரி இளைஞர் அணி ஒன்றை நிறுவியவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பாரிஸ் நகரசபையின் தலைவராக இருந்தார். விடுதலைக்குப் பின் கைது செய்யப்பட்டார். பெயரைக் காப்பாற்றுகிறவர்கள் அந்தப் பெயரோடு வருவதையெல்லாம் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

வேலியோரம் கொடிகளைப் பார்த்தோம். கத்தரித்து முடிந்து, கட்டையாக நிற்கின்றன. மொட்டுகள் வீங்கி, மேலே வெண்பஞ்சு போர்த்தாற்போல் இருக்கின்றன. இந்த நிலையை இங்குள்ளவர்கள் 'பஞ்சுக்குள் மொட்டு' என்றே சொல்கிறார்கள். ஏப்ரலில் உறைபனி விழுந்தால் அந்த ஆண்டு விளைச்சல் போச்சு. மாலையில் கால் வலிக்கத் திரும்பினோம்.

நான்காம் நாள்: வெள்ளைத் திராட்சைச் சரிவு

எப்பெர்னேக்குத் தெற்கே நீளும் சரிவுக்கு 'வெள்ளைகளின் சரிவு' என்று பொருள்படும் பெயர். வெள்ளைத் திராட்சை என்பதால் அப்படி. ஷுயி, கிராமான், அவீஸ், ஓஜே, மெனில் என்று ஐந்து ஊர்கள். கோம்த் வைனின் திராட்சை இந்த ஊர்களிலிருந்துதான் போகிறது. டாக்ஸியில் கிராமான் வந்து இறங்கினோம். ஊர் வாயிலில் பெரிய ஷாம்பெயின் போத்தல் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அவீஸ் வரை தோட்டங்களின் ஊடாக நடந்தோம். மழை பெய்த மண்ணில் நடந்தால் சப்பாத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டுகிறது. ஒரு சாண் தோண்டினால் அதே சுண்ணக்கல். மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து, கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்குமாம்.

ஷாம்பெயின் பிரபுவான நான்காம் திபோ, பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிலுவைப் போரிலிருந்து திரும்பும்போது ஷார்தொனேயின் மூதாதைக் கொடியைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். அவர் பாட்டெழுதிய பிரபு என்பது உண்மை. கொடிக் கதை உண்மையல்ல. மரபணுச் சோதனையில் ஷார்தொனே, பினோ திராட்சையும் கூவே பிளாங் என்ற எளிய நாட்டுத் திராட்சையும் சேர்ந்து பிறந்தது என்று தெரிந்துவிட்டது. கூவேயை மட்டமானது என்று ஒரு காலத்தில் நடவே தடை செய்திருக்கிறார்கள். பிரபு கொண்டுவந்த கொடி என்பதைவிட, ஒதுக்கிய கொடிக்குப் பிறந்த பிள்ளை என்பதே எனக்கு அழகாகப் படுகிறது.

அவீசுக்கு அருகே ஒரு தோட்டத்தில் நான்கைந்து பேர் கத்தரித்த கிளைகளை வளைத்துக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கை நடுங்கும் குளிர். நின்று வணக்கம் சொன்னோம். ஓர் அம்மா கையை நிறுத்தாமலே பேசினார். கிளையை மெல்ல வளைக்க வேண்டும், மழை ஈரத்தில் நன்றாக வளையும், வெயில் காய்ந்த நாளில் ஒடிந்துவிடும் என்றார். ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 8,000 கொடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை போக வேண்டும். அண்ணா சம்பளம் எப்படி என்று கேட்டார். அவர் தோளை உயர்த்தினார்.

அங்கிருந்து நகர்ந்த பிறகு அண்ணா வெகுதூரம் பேசாமல் வந்தார். 2023 செப்டம்பர் அறுவடையில் கடும் வெயிலில் பழம் பறிக்க வந்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்களைப் பாழடைந்த வீட்டில் அடைத்து வைத்து வேலை வாங்கியவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். "முதல் ஆண்டில் நாங்கள் ஒரே அறையில் ஒன்பது பேர் படுத்தோம்" என்றார் அண்ணா. அதை எனக்கு இதுவரை சொன்னதில்லை. பத்து ஆண்டு காத்திருக்கும் பொறுமையை நான் புகழ்ந்து எழுதினேன். பறிக்கிற கைக்கு நேரத்தில் கூலியும் படுக்க ஒழுங்கான இடமும் கிடைத்தால்தான் அந்தப் புகழ்ச்சி முழுமையாகும். அதை இல்லங்களும் விவசாயிகளும் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு ஹெக்டேர் தோட்டம் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் போகிறது. தகப்பன் இறந்தால் வரி கட்டவே பிள்ளைகள் நிலத்தை விற்கும் நிலை வருகிறது என்று டாக்ஸி ஓட்டுநர் சொல்லியிருந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனுக்கும் ஒரு துண்டு தோட்டம் இருந்ததாம்.

மாலை ரயிலில் அண்ணா ஜன்னலோரம். மடியில் ஒரு போத்தல், நண்பர்களுக்கென்று வாங்கியது. நாளைக் காலை பத்து மணிக்கு அவர் உணவகத்தில் நிற்க வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், அப்பா கடைசியாகச் செக்கடிக்குப் போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்தார். நாங்கள் திரும்பியபோது கூரையும் இல்லை, பலகையும் இல்லை. செக்குக் கல் மட்டும் கிடந்தது. அது இன்னும் எங்கள் வளவில் கிடக்கிறது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

ரயில் வேகம் குறைத்துப் பாரிசுக்குள் நுழையும்போது அண்ணா கேட்டார்.

"அப்பாவின் கடைப் பலகையில் பெயருக்குக் கீழே ஆண்டு போட்டிருந்ததா?"

"போட்டிருந்தது, அண்ணா. 1958."

"அப்பா 58-இல் சின்னப் பையன்."

"தாத்தா தொடங்கியது. அப்பா பலகையைப் புதிதாக எழுதியபோதும் அந்த ஆண்டை மாற்றவில்லை."

அண்ணா போத்தலைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த தாளை முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.